பாலைவன ஆறு ஏன் முப்பது காலாகப் பிரிகிறது? விளாங்குடியிலிருந்து ஒரு சந்தேகம்

விளாங்குடிவாசி

எல்லோருக்கும் வணக்கம். என் மச்சான் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில் இருக்கிறார். போன வாரம் வேலை விஷயமாகச் சின்ன விமானத்தில் உள்நாட்டுப் பக்கம் போனவர், ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். வெறும் படம், கீழே ஒரு வார்த்தை இல்லை. யாருக்கோ காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது போல என்று பதறிப்போய் போன் பண்ணினேன். சிரிக்கிறார். அது ஆறாம். கூப்பர் ஓடை என்று பெயர். அந்த வட்டாரத்துக்கே 'சேனல் கன்ட்ரி', அதாவது கால்வாய்ச் சீமை என்றுதான் பெயராம்.

படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். குறுக்கே ஒரு கோடு இழுத்தால் முப்பது கால்களுக்கு மேல் வெட்டுகிறது. பிரிகிறது, சேருகிறது, மறுபடியும் பிரிகிறது.

நம்ம வைகையும்தான் பிரிகிறது. ஆனால் அதெல்லாம் நாம் வெட்டின கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கண்மாய், ஒரு மடை, மடைக்கு ரெண்டு ஊர்ச் சண்டை. அங்கே ஆளே இல்லை, யார் வெட்டினது? வருடத்துக்கு இருநூறு, முந்நூறு மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில் ஒரு ஆறு ஓடுவதே கஷ்டம். முப்பது எதற்கு?

எதிர்க்கட்சி

மழையில்லாத ஊர் ஆற்றைப் பற்றி, தண்ணியில்லாத ஆற்றங்கரையிலிருந்து கேள்வி. பொருத்தம்தான்.

மணல்மேடு

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாய். நான் ராஜஸ்தானில் ஜோத்பூர், பார்மர் பக்கம் பதினோரு வருடம் நிலத்தடி நீர் அளக்கிற வேலையில் இருந்தவன். கூப்பரை நேரில் பார்த்ததில்லை, படித்ததுதான். ஆனால் லூனியோடு குடித்தனமே நடத்தியிருக்கிறேன். அஜ்மீர் பக்கம் ஆரவல்லி மலையில் கிளம்பி, 495 கி.மீ. ஓடி, கடலைப் பார்க்காமலே கட்ச் ரண் சதுப்பில் காணாமல் போகிற ஆறு. பாலோத்ரா வரை தண்ணீர் வாயில் வைக்கலாம், அதற்குக் கீழே கரிக்கும். பெயரே உப்பிலிருந்து வந்ததுதான்.

ஆறு என்றால் ஓடுவது, நடுவில் சில மாதம் வற்றுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அது தலைகீழ். ஆறு என்றால் காய்ந்து கிடப்பது. எப்போதாவது தண்ணீர் வந்து அதன் தூக்கத்தைக் கெடுக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்கு அணையில் திறந்த தண்ணீர் வருவதை ஆற்றுக்குள் நின்று பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயசில் தேனூர்ப் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். அலையடித்துக்கொண்டெல்லாம் வராது. சருகும் நுரையும் ஆட்டுப்புழுக்கையுமாக ஒரு விளிம்பு நகர்ந்து வரும். பக்கத்திலேயே நடந்து வரலாம், அவ்வளவு நிதானம். விளிம்புக்கு முன்னால் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். காய்ந்த மணலைத் தொட்டதும் 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும், உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். ஒரு குழி கிடைத்துவிட்டால் அது நிரம்பின பிறகுதான் அடுத்த அடி. அணைக்கும் மதுரைக்கும் 70 கி.மீ. போலத்தான். அதற்கே அழகர் இறங்குவதற்குச் சில நாள் முன்னாடி திறக்கிறார்கள்.

இதே காட்சியை 400 கி.மீ.க்கு நீட்டிப் பாருங்கள், அதுதான் கூப்பர். விண்டோரா என்கிற ஊர்ப் பக்கம் தொடங்கிக் கீழே அவ்வளவு தூரத்துக்கு அளந்து பார்த்திருக்கிறார்கள். மேலே நுழைந்த தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் கீழே வந்து சேரவில்லை. மண் குடித்தது, வெயில் குடித்தது, பள்ளத்தில் தங்கியது.

புத்தகத்து ஆறு கீழே போகப் போகப் பெருக்கும். பாலைவன ஆறு கீழே போகப் போக மெலியும். தண்ணீர்தான் மெலிகிறது, சுமந்து வருகிற மண் மெலிவதில்லை. கல்யாண வீட்டில் பாதிப் பேர் நழுவின பிறகு, மாட்டினவன் தலையில் எல்லா அண்டாவும் ஏறுகிற மாதிரி. தாங்காமல் வழியிலேயே இறக்கி வைக்கிறது. இறக்கின மண் பாதையை அடைக்கிறது. அடைத்தால் தண்ணீர் ஒதுங்கிப் பக்கத்தில் போகிறது. ஒரு கால் கூடிவிட்டது.

புவியியல் மாணவி

சார், எங்களுக்கு இளமை நிலை, முதிர்ச்சி நிலை, முதுமை நிலை என்று மூன்று சொல்லித் தருகிறார்கள். பாலைவன ஆறு இதில் எந்த நிலை? படத்தில் இருப்பதைப் பின்னல் ஆறு என்று எழுதலாமா?

மணல்மேடு

பரீட்சையில் அந்த மூன்றையும் எழுதிவிடும்மா, மார்க் முக்கியம். வெளியே வந்த பிறகு மறந்துவிடலாம்.

பின்னல் என்பது ஒரே அகலமான மணல் படுகைக்குள் நீரோட்டம் சடை போடுவது. நடுவில் தெரிவதெல்லாம் மணல் திட்டு. அடுத்த வெள்ளத்தில் எது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. லூனியில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு.

கூப்பர் அப்படியில்லை, அது வலை. ஒவ்வொரு காலுக்கும் சொந்தக் கரை இருக்கிறது. ஒடுக்கமாக, ஆழமாக இருக்கும். இரண்டு காலுக்கு நடுவில் கிடப்பது திட்டு இல்லை, நிலம். மரம் நிற்கும், வெள்ளம் போன பிறகும் அதே இடத்தில் இருக்கும். காரணம் இரண்டு. கரை நல்ல களிமண், சுலபத்தில் சரியாது. அப்புறம் வாட்டம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாண்கூட இறங்காத தரை அது. அவ்வளவு மட்டமான இடத்தில் பெருவெள்ளம் முழுவதையும் ஒரு வாய்க்கால் தள்ளிவிட முடியாது. வழிந்து பரவும். அகலமான இடத்தில் வெள்ளம் 60 கி.மீ. வரை விரியும். மதுரையில் ஒரு கரை என்றால் திண்டுக்கல் அடுத்த கரை.

எதிர்க்கட்சி

சரி. அடைத்தால் பக்கத்தில் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய கால் அப்படியே இருக்க, புதுசு ஒன்று எப்படி ஒரு முழு ஆறாக வரும்? வெள்ளம் வடிந்ததும் பழைய பள்ளத்துக்குத்தானே திரும்ப வேண்டும்?

மணல்மேடு

புட்டுத்தோப்புக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆவணியில் சாமி பிட்டுக்கு மண் சுமக்கிறாரே, எதற்கு? வைகைக் கரை உடைந்ததற்கு.

கரைக்கு மேலே வெள்ளம் வழியும்போது வேகம் சட்டென்று குறைகிறது. கனமான மண் கரையோரத்திலேயே விழுந்துவிடும், நைசான வண்டல்தான் தூரம் போகும். அதனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை கொஞ்சம் உயரும். உள்ளே அடிமட்டமும் மண் சேர்ந்து உயரும். பல தலைமுறை கழிந்தால், ஆறு சுற்றியிருக்கிற நிலத்தைவிட மேட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது எங்காவது ஒரு எலி வளை போதும். உடைப்பு எடுத்தால் தண்ணீருக்குப் பழைய இடம்தான் இப்போது மேடு, எதற்குத் திரும்ப வேண்டும்?

மதுரையில் வீட்டுக்கு ஒரு ஆள் வரச் சொல்லிப் பாண்டிய ராஜா உத்தரவு போட்டார். கூப்பரில் ராஜாவும் இல்லை, வந்திக் கிழவியும் இல்லை, உதிர்ந்த பிட்டும் இல்லை. உடைந்தது உடைந்ததுதான். பழைய காலும் களிமண் கரையோடு கெட்டியாகக் கிடப்பதால் அடுத்த வெள்ளத்தில் இரண்டிலும் தண்ணீர் போகும். இப்படியே ஆயிரக்கணக்கான வருடம் போனால் விளாங்குடிவாசியின் மச்சான் எடுத்த படம் கிடைக்கும்.

எதிர்க்கட்சி

பிட்டுக் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. நேற்று ராத்திரி நானும் வானப்படம் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன வலை தெரிகிறது. அதற்கு நடுவில் இருக்கிற நிலத்தின் முதுகிலேயே பின்னல் மாதிரி திட்டும் தடமும் தெரிகிறது. திட்டு போட மணல் வேண்டும். களிமண் தண்ணீரில் கரைந்து பால் மாதிரி போகிற சாமான், அது திட்டு போடாது. நீங்களோ எல்லாம் களிமண் என்கிறீர்கள். எது உண்மை?

மணல்மேடு

பலே. ஆராய்ச்சிக்காரர்களையே குழப்பின இடம் இது. ஒரு காலத்தில் மழை அதிகமாக இருந்தபோது ஓடின பழைய ஆற்றின் சுவடு அது என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1986இல் நான்சன் என்ற புவியியலாளரும் அவரோடு இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அந்தத் திட்டுகள் களிமண்தான், இப்போதைய ஆறு போட்டவைதான். களிமண் அங்கே மணல் வேஷத்தில் பயணம் செய்கிறது.

இதற்கு மேல் நான் சொல்வதைவிட கரிசல்காட்டு ஆள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கள்ளிக்குடி கரிசல்

கூப்பிட்டது கேட்டது. ஆஸ்திரேலியா எனக்குத் தெரியாது, எங்கள் புஞ்சை தெரியும்.

கரிசல் நனைந்தால் களி. செருப்பை இழுத்துக்கொள்ளும், மாட்டுவண்டியைப் பிடித்தால் விடாது. காய்ந்தால் வெடிக்கும். பங்குனி சித்திரையில் வெடிப்புக்குள் சாட்டைக்கம்பை விட்டால் கைப்பிடி வரை போகும். இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று தடவை நனைந்து காய்ந்த பிறகு மேல்மண் ரெண்டு விரல்கடை ஆழத்துக்குத் தானாகவே உதிர்ந்து குருணையாகிவிடும். நொய்யரிசி தெரியுமல்லவா, அந்த அளவு. கையில் அள்ளினால் விரல் இடுக்கில் பொலபொலவென்று ஒழுகும். பட்டணத்துப் பிள்ளைகள் கருப்பு மணல் என்றே நினைப்பார்கள். ஏர் உழாமலே உழுத மாதிரி இருக்கும்.

இப்போது மேட்டர். ஐப்பசியில் ஒரு பெரிய மழை அடித்தால் எங்கள் புஞ்சை ஓரத்து ஓடையில் முதல் தண்ணீர் வரும்போது இந்தக் குருணை கரையாது. அடியில் உருண்டு உருண்டு போகும். ஓடை திரும்புகிற இடத்தில் மணல் மாதிரியே அலை அலையாக மேடு போட்டிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு அதைக் கிள்ளி எச்சில் தொட்டுத் தேய்த்தால் விபூதி மாதிரி நைசு, முழுக்கக் களி. சின்ன வயசில் இதை வைத்துத்தான் மாடு செய்வோம்.

மணல்மேடு

அண்ணே, இதேதான்! கூப்பர் நிலமும் நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கிற வகைதான். பெருவெள்ளம் வரும்போது மேற்பரப்புக் குருணை அடியில் உருண்டு போய்த் திட்டு போடுகிறது. படிந்து, மேலே பாரம் ஏறி, மறுபடி நனைந்தால் குருணை நசுங்கி ஒரே களிமண் பாளமாகிவிடுகிறது. பிறகு வந்து தோண்டிப் பார்க்கிற ஆளுக்கு இது உருண்டு வந்த சமாசாரம் என்றே தெரியாது. நின்ற தண்ணீரில் அமைதியாகப் படிந்த வண்டல் என்று எழுதிவிட்டுப் போவான். பாறையாகிப் போன பழங்காலக் களிமண் அடுக்குகளைப் படிக்கிறவர்கள்கூட இதற்குப் பிறகு ஒரு தரம் யோசிக்க வேண்டியதாயிற்று.

ஆக ஒரே நிலத்தில் இரண்டு ஆறு. சின்ன வெள்ளத்துக்கு ஆழமான கால்கள். பெருவெள்ளத்துக்கு முழுச் சமவெளியும் ஆற்றுப்படுகை, அதன் முதுகில் பின்னல்.

இன்னொன்று. அந்தக் களிமண் போர்வை சில மீட்டர் கனம்தான். கீழே மணல். இப்போது இருப்பதைவிடப் பலசாலியான ஒரு ஆறு பல பத்தாயிரம் வருடங்களுக்கு முன்னால் போட்ட மணல். வெள்ளம் ஒடுங்கிப் பாய்கிற இடங்களில் போர்வையைக் கிழித்து மணல் வரை தோண்டிவிடும். அதுதான் அங்கத்து மடு. ஆறு முழுக்கக் காய்ந்தாலும் மடுவில் மாதக்கணக்கில், சிலதில் வருடக்கணக்கில் தண்ணீர் நிற்கும். மீன், பறவை, ஆடு மாடு, மனுஷன் எல்லாம் அடுத்த வெள்ளம் வரும் வரை அதை நம்பித்தான்.

சேதுசீமை

அந்த மடுக்கரையில்தானே 1861இல் பர்க், வில்ஸ் என்று இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள் செத்தார்கள்? கண்டத்தைக் குறுக்கே நடந்து கடந்துவிட்டுத் திரும்பி வந்து, தண்ணீர் இருக்கிற இடத்திலேயே போய்விட்டார்கள். அந்த மண்ணின் மக்களான யந்த்ருவந்தா அங்கேதான் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வெள்ளம் வடிந்த தரையில் முளைக்கிற 'நார்டூ'வின் காயை அரைத்துச் சாப்பிடுவார்கள். நார்டூ வேறொன்றுமில்லை, நம்ம ஆரைக்கீரை வகை. அதில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பக்குவமாகச் செய்தால்தான் போகும். பக்குவம் தெரியாமல் நாள் கணக்காகத் தின்றார்கள். கூட வந்த கிங் என்பவர் மட்டும் அந்த மக்களோடு சேர்ந்துகொண்டதால் பிழைத்தார்.

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. ஆரைக்கீரை என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

விளாங்குடிவாசி

சம்பந்தம் இருக்கிறது அக்கா. இனி கீரைக்கட்டில் நாலு இதழ் பார்த்தால் எனக்கு கூப்பர்தான் ஞாபகம் வரும்.

வெற்றிலைக்கொடி

சோழவந்தான் பக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

1993 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் தாத்தா தோட்டத்தில் ஆற்றோரத் துண்டு ஒன்று போய்விட்டது. இருபத்தி மூணு தென்னை. ராத்திரி 'தொம் தொம்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்று அப்பா சொல்வார், கரை சரியச் சரிய மரம் விழுகிற சத்தம். காலையில் பார்த்தால் தொழுவத்துக்குப் பின்னாலேயே ஆறு. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடத்தில் அதே இடத்தில் மணல் மேடாகி, நாணல் வந்து, அப்புறம் சீமைக்கருவேலம் வந்து, இப்போது தரை மாதிரியே இருக்கிறது. மேலே கையகல வண்டல் படிந்திருக்கிறது. தாத்தா அளக்கச் சொல்லிக் கேட்டார். ஓர் அலுவலகத்தில் அது ஆறு என்றார்கள், இன்னொன்றில் புறம்போக்கு என்றார்கள். அவர் போய்ச் சேரும் வரைக்கும் அது அவருக்கு அவர் தோட்டம்தான்.

என் கேள்வி: ஆற்றின் உண்மையான அகலம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

மணல்மேடு

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் ஹீலா என்று ஒரு ஆறு. அதில் சாஃபர்ட் பள்ளத்தாக்குப் பகுதியின் பழைய வரைபடம், படம் எல்லாம் சேர்த்து நூறு வருடக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். 1903இல் சராசரி அகலம் 300 அடிக்கும் குறைவு. கரையெல்லாம் மரம். 1905 தொடங்கி 1917 வரை வெள்ளத்துக்கு மேல் வெள்ளம். ஆறு தன் சமவெளியைத் தானே தின்றது. அகலம் 2,000 அடி போல ஆயிற்று. 1918இல் இருந்து பெரிய வெள்ளம் குறைந்தது. சின்ன வெள்ளங்கள் வண்டலைக் கொண்டுவந்து ஓரத்தில் போட்டன, அதில் டாமரிஸ்க் புதர் முளைத்தது, புதர் அடுத்த வண்டலைப் பிடித்தது. 1964இல் அளந்தால் 200 அடிக்கும் கீழே. ஐம்பது வருடத்தில் பத்தில் ஒரு பங்கு.

இப்போது சொல்லுங்கள், ஹீலாவின் உண்மையான அகலம் எது? 1903இல் போய்ப் பார்த்தவன் ஒன்று சொல்வான், 1917இல் பார்த்தவன் வேறு சொல்வான், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நல்ல மழை உள்ள நாட்டில் ஆறு வருடாவருடம் வருகிற வெள்ளத்துக்குத் தக்கபடி தன்னைத் தைத்துக்கொள்ளும். ஒரு பெரிய வெள்ளம் கிழித்தாலும் சில வருடத்தில் ஒட்டுப் போட்டுவிடும். பாலைவனத்தில் தையல்காரன் வருடத்துக்கு ஒரு நாள்தான் வருகிறான், சில வருடம் அதுவும் இல்லை. அதனால் கிழிசல் அப்படியே கிடக்கும். நாம் பார்க்கிற ஆறு, கடைசிப் பெருவெள்ளம் விட்டுப்போன ஆறு. அதிலிருந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதைச் சொல்லாமல் அகலம் சொன்னால் அர்த்தமே இல்லை.

லூனியிலும் அப்படித்தான். 1979 ஜூலை வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் எனக்குக் காட்டுவார்கள், அதோ அந்தக் கேஜ்ரி மரம் வரைக்கும் என்று. அந்த மரத்தடியிலிருந்து பார்த்தால் ஆறு கண்ணுக்கே தெரியாது. நடுவில் கடுகு விளைந்துகொண்டிருக்கும்.

உங்கள் தாத்தாவின் இருபத்தி மூணு தென்னையும் அதே கணக்குதான் தம்பி. ஆறு அதை எடுத்துக்கொண்டது, வேறு மண்ணாகத் திருப்பித் தந்தது, பத்திரம் மட்டும் எழுதவில்லை.

எதிர்க்கட்சி

இங்கேதான் நான் குறுக்கே விழ வேண்டியிருக்கிறது. வைகை பாலைவன ஆறு இல்லை. மதுரையில் வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் போல மழை. வருசநாட்டு மலையில் காடு. 1895இல் இருந்து மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. 1959இல் வைகை அணை வந்தது. அதற்குப் பிறகு இங்கே ஆறு ஒடுங்கினது, மேடானது, சீமைக்கருவேலம் வந்தது எல்லாவற்றையும் 'கடைசி வெள்ளத்துக்குப் பிந்திய இயல்பான வளர்ச்சி' என்று சொல்லிவிட்டால் ரொம்பப் பேருக்கு வசதியாகப் போய்விடும். மணலை அள்ளினது யார்? கரையில் கட்டினது யார்? வண்டல் படிவது இயற்கை. வண்டல் மேல் ரோடு போடுவது இயற்கை இல்லை.

மணல்மேடு

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஒப்பிடுவது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காய்ந்த மணல் குடிப்பது, திட்டில் செடி முளைத்து வண்டல் பிடிப்பது, கரை உடைவது, இதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனால் எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதைக் கூப்பரில் வானம் தீர்மானிக்கிறது, இங்கே மதகு தீர்மானிக்கிறது. அணை வண்டலையும் மணலையும் மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. கீழே இருக்கிற மணலை அள்ளினால் அந்தக் குழிக்குப் புது மணல் வராது. மணல் போனால் ஊற்றும் போனது. வெயில் மேல் மணலைத்தான் காயவைக்கும், இரண்டு மூன்று அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை அதனால் சுலபமாக இழுக்க முடியாது. முன்பு கோடையில் ஆற்றுக்குள் கையால் தோண்டினால் ஊற்று வந்தது அதனால்தான்.

சேதுசீமை

நீங்கள் எல்லாம் நடு ஆற்றுக்காரர்கள். கடைசிக்காரி நான் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் வைகை கடலில் விழுகிற காட்சியைப் பார்ப்பதே அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஆற்றின் கதை முடிந்துவிடும். மிஞ்சினால்தான் ஆற்றங்கரை பக்கம் கடலுக்குப் போகும். கூப்பர் எங்கே போய் முடிகிறது?

மணல்மேடு

ஐர் ஏரி. அந்த மண்ணின் பெயர் கதி தண்டா. கடல் மட்டத்துக்கும் 15 மீட்டர் போலக் கீழே கிடக்கிற உப்புத் தரை. கூப்பர் தண்ணீர் அங்கே வரைக்கும் போவதே அபூர்வம். 1974இல் ஏரி நிரம்பினதைப் பதிவுகளிலேயே பெரியது என்கிறார்கள். மற்ற வருடங்களில் வெள்ளம் நடுவழியில் பள்ளங்களிலும் மணல்மேடுகளுக்கு இடையிலும் பரவி நின்றுவிடும். சில பாலைவன ஆறுகளில் வாய்க்கால் என்கிற உருவமே கரைந்துபோய், ஆறு விசிறியாக விரிந்து தரையோடு தரையாகிவிடும். கரை இல்லை, படுகை இல்லை, கொஞ்சம் பச்சை மட்டும் அதிகமாக இருக்கும். உங்கள் ஊரில் அந்த விசிறியைக் கண்மாய்க் கரை போட்டு நம் ஆட்கள் நிறுத்தி வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொன்னால் எதிர்க்கட்சி வந்துவிடுவார்.

பரவின தண்ணீர் எப்போதும் வரமாக இருக்காது. 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தில் கவாஸ் என்ற ஊர் முங்கிப்போனது. பாலைவனம்தானே, இரண்டு நாளில் மணல் குடித்துவிடும் என்று நினைத்தார்கள். குடிக்கவில்லை. அடியில் ஜிப்சப் பாளம். தொட்டிக்குச் சிமெண்டு பூசின மாதிரி. வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது.

எதிர்க்கட்சி

ஜிப்சப் இல்லை, ஜிப்சம்.

மணல்மேடு

கை வழுக்கிவிட்டது. ஜிப்சம்தான்.

விளாங்குடிவாசி

மச்சானிடம் இந்த இழையைக் காட்டினேன். அவர் சொன்ன ஒரு விஷயம்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் டாட் என்று ஒரு ஆறு, எப்போதும் வெறும் மணல். அதில் வருடாவருடம் படகுப் போட்டி நடத்துவார்களாம். படகுக்கு அடி கிடையாது, உள்ளே நின்று தூக்கிக்கொண்டு மணலில் ஓட வேண்டும். 1993இல் போட்டியை ரத்து செய்துவிட்டார்கள். ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

வெற்றிலைக்கொடி

1993ஆ? எங்கள் தென்னை போன வருடம்.

புவியியல் மாணவி

சார், கீழடிக்குப் போன மாதம் காலேஜிலிருந்து கூட்டிப்போனார்கள். ஆறு ரொம்பத் தள்ளி இருக்கிறதே, அந்தக் காலத்தில் இவ்வளவு தூரம் நடந்தா தண்ணீர் எடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை.

மணல்மேடு

தண்ணீருக்கு அவர்கள் உறைகிணறு வைத்திருந்தார்கள், பார்த்திருப்பாயே. ஆறு இப்போது வடக்கே இரண்டு கி.மீ. போலத் தள்ளி இருக்கிறது என்பதற்காக அப்போதும் அங்கேதான் ஓடியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமவெளியில் ஆறு இருந்த இடத்திலேயே இருப்பதுதான் அதிசயம்.

மணல் அடுக்கின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மணல்மணி மண்ணுக்குள் புதைந்ததும், சுற்றியிருக்கிற மண்ணின் லேசான கதிர்வீச்சை உள்ளே சேர்த்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் கணக்கு அழிந்து பூஜ்ஜியமாகிவிடும். அதனால் இருட்டிலேயே எடுத்து, இருட்டறையில் வைத்து ஒளி காட்டி அளந்தால், அது கடைசியாக வெயில் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியும். இந்த முறையில்தான் ராஜஸ்தான் எல்லையில் கக்கர் ஆற்றின் பழைய மணலை அளந்தார்கள். சட்லஜ் ஒரு காலத்தில் அந்த வழியாக ஓடியது, சுமார் 8,000 வருடங்களுக்கு முன்பே வழி மாறிவிட்டது. காலிபங்கன் போன்ற ஹரப்பா ஊர்கள் வந்தது அதற்குப் பல ஆயிரம் வருடம் கழித்து. பெரிய ஆறு போன பிறகு, அது விட்டுப்போன பள்ளத்தில், சின்ன மழைக்கால ஆற்றை நம்பிக் குடியேறியிருக்கிறார்கள். ஓடுகிற பேராற்றின் கரையைவிட, ஓடிவிட்ட பேராற்றின் பள்ளம் அவர்களுக்குப் பத்திரமாக இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கள்ளிக்குடி கரிசல்

நீங்கள் ஹரப்பா வரை போய்விட்டீர்கள், நான் இன்னும் என் குருணையிலேயே நிற்கிறேன். எதிர்க்கட்சிக்காக இன்று ஒரு வேலை செய்தேன்.

ரெண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் புஞ்சை மேல்மண் குருணை ரெண்டு ஸ்பூன். இன்னொன்றில் அதே மண், ஆனால் அம்மியில் வைத்து நைசாக அரைத்தது. வீட்டம்மா பார்க்காத நேரம். இரண்டிலும் முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரே மாதிரி சுழற்றினேன். அரைத்தது உடனே கருங்காப்பி. மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தேன், இன்னும் கலங்கல்தான். குருணை போட்டதில் தண்ணீர் லேசாகத்தான் மங்கியது. அடியில் மணி மணியாக உருண்டு, டம்ளர் நின்றதும் ஒரு ஓரமாகப் பிறை மாதிரி மேடு போட்டு உட்கார்ந்தது. மறுபடி சுழற்றினால் மேடு எதிர்ப்பக்கம் போகிறது. விரலை விட்டு அந்தப் பிறையை நசுக்கினேன். அதுவும் கருங்காப்பி.

எதிர்க்கட்சி

படம் எங்கே அண்ணே?

கள்ளிக்குடி கரிசல்

போனில் சார்ஜ் இல்லை. அம்மியைக் கழுவச் சொல்லி இங்கே ஒரு உத்தரவும் வந்திருக்கிறது. நாளைக்குப் போடுகிறேன்.